வறண்ட நிலத்துச் சம்சாரிக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி?

முதலில் நாள் குறியுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் என்றால் புரட்டாசி உத்தமம். பருவமழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. பிந்தினால் அந்த வருஷ வெள்ளாமை போச்சு. அப்படிப்பட்ட நாளில் கூப்பிட்டால்தான் யாருக்கு ஆர்வம் இருக்கிறதென்று தெரியும். வராதவர்களை 'விழிப்புணர்வு இல்லாதோர்' என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு ஏசி மண்டபம் பிடியுங்கள். வறட்சியைப் பற்றிப் பேசுகிறவருக்கு வேர்க்கக் கூடாது. பேனரில் 'நீடித்த நிலையான வேளாண்மை' என்று போடுங்கள். நீடித்தது, நிலையானது இரண்டும் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

தொடக்கவுரையில் இஸ்ரேல் வந்தே ஆக வேண்டும். நெகேவ் பாலைவனத்தின் பெரும்பகுதியில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட இல்லை என்று சொல்லுங்கள், கை தட்டுவார்கள். ராமநாதபுரத்தில் 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 40,000 லிட்டர். இந்தக் கணக்கை ஆரம்பித்தால் அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று யாராவது கேட்பார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "சார், எங்க கண்மாய்க்கு வரத்துக்கால் தூர்ந்து கெடக்கு, மடையும் ஒழுகுது" என்பார். அதற்கு ஒரே பதில்தான்: "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லைங்க ஐயா." இதை முகம் மாறாமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

மதியத்துக்கு மேல் ஆடு வளர்ப்போர் அமர்வு. சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதிப் பேர் தூங்குவார்கள். கிடை ஆடு மேய்க்கும் கீதாரிகள் தூங்க மாட்டார்கள், வெளியே கட்டிப்போட்ட ஆட்டின் நினைப்பில் இருப்பார்கள். 'பயிரும் கால்நடையும் ஒருங்கிணைந்த பண்ணையம்' என்று அவர்களுக்கு எட்டு ஸ்லைடு காட்டுங்கள். கீதாரி ராத்திரியில் ஒரு வயலில் ஆட்டைக் கிடை போடுகிறார். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் விழுகின்றன. மறுநாள் பட்டியைத் தள்ளிப் போடுகிறார். நிலத்துக்காரர் இதற்குக் கூலியும் கொடுக்கிறார். எட்டு ஸ்லைடில் நீங்கள் சொல்லப்போவதும் இதுதான், கூலியைத் தவிர.

ஒருமுறை சீமைக் கருவேலத்தின் தீமைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அந்நிய மரம், கண்மாயை அடைக்கிறது, புஞ்சையில் பரவுகிறது என்று. "சார், அதுல பாதி எங்க ஆடு விதைச்சது" என்றார் ஒரு கீதாரி. நெத்தைத் தின்ற ஆட்டின் குடலில் விதையின் தோல் இளகுமாம். புழுக்கையோடு கண்மாய்க்குள் விழுந்தால், தரையில் உதிர்ந்ததைவிடச் சுருக்காக முளைக்குமாம். "நெத்து உதிர்ற மாசத்துல கண்மாய்ப் பக்கம் ஓட்டாம இருந்தாலே கொஞ்சம் மட்டுப்படும். அதுக்கு வேற மேய்ச்சல் காட்டணும்ல?" அன்றைக்குப் பேசியதில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான். கருத்துப் படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லை. 'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடைசியாக குரூப் போட்டோ. இடம், நேரம் விழுகிற ஆப்பில் எடுங்கள். பில் பாஸாக அது போதும். பை, நோட்டு, பேனா கொடுத்தாயிற்றா பாருங்கள். பையின் காதை முதலில் இழுத்துப் பாருங்கள், அறுந்துவிடும்.

இவ்வளவும் வேண்டாம், உண்மையிலேயே பயிற்சி நடத்தத்தான் ஆசை என்றால் சித்திரையில் வையுங்கள். கோடை உழவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். சம்சாரியும் ஓய்வாக இருப்பார். மண்டபம் வேண்டாம், கண்மாய்க் கரை போதும். தண்ணீர் வற்றியிருக்கும், கரம்பை மண் எவ்வளவு ஏறியிருக்கிறது, மடை எங்கே ஒழுகுகிறது என்று இறங்கியே பார்க்கலாம். வரத்துக்கால் பொறுப்பில் இருக்கிற டிபார்ட்மென்ட்காரரையும் கையோடு கூட்டி வாருங்கள்.