கடாரத்துக் கேமிங் மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு மரணம்: ஒரு முன்னாய்வு

ஆய்வுக்களத்தை முதலில் வரையறுத்துக்கொள்வோம். கடாரம் என்பது மலேசியாவின் கெடா. அதில் வடக்கே ஜெராய் மலை, தெற்கே கூலிம். இடையே பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ். தோட்டமாக இருந்து துண்டாடப்பட்டுத் தாமான் எனும் குடியிருப்புகள் ஆன இடங்களும், இன்னும் செம்பனை நிற்கும் இடங்களும் இதில் அடங்கும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிக்கூடம் வீட்டுக்குள் நுழைந்தது. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் "படிக்கத்தாம்பா" என்ற ஒற்றை வாக்குறுதியின் பேரில் வாங்கப்பட்ட மடிக்கணினிகளே ஆய்வுப்பொருள். படிப்பதற்கு ஆறு கிகாபைட் வீடியோ மெமரியும் சிவப்பு விளக்கெரியும் விசைப்பலகையும் ஏன் என்ற வினா அப்போது எழவில்லை. எழுந்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திராது.

நோய் பெரும்பாலும் இரவில்தான் தலைகாட்டும். டோட்டா 2 ஆட்டத்தில் பத்துப் பேரும் ஆற்றங்கரையில் மோதிக்கொள்ளும் கட்டம். திரையோரத்தில் ஊதா நிறத்தில் சில புள்ளிகள் தெரியும். அடுத்து அவை கட்டம் கட்டமாக வரிசை பிடிக்கும். பிறகு திரை கறுத்துவிடும். சத்தம் மட்டும் நிற்காது. நண்பர்கள் திட்டுவது ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும், தான் செத்துவிட்டோமா இல்லையா என்பது ஆட்டக்காரனுக்குத் தெரியாது. சில நொடிகளில் திரை மீண்டால், விண்டோஸ் கிராபிக்ஸ் சில்லுக்கு இரண்டு நொடி தவணை கொடுத்துப் பார்த்து, பதில் வராததால் டிரைவரை உலுக்கி எழுப்பியிருக்கிறது என்று கொள்க. ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் இதற்குப் பதிவு இருக்கும். மீளவில்லை என்றால் நீலத்திரை வரும். அதில் 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' என்றே எழுதியிருக்கும். அதைப் படிப்பார் இல்லை. நீலம் வந்ததுமே வீட்டில் விசாரணை தொடங்கிவிடுகிறது.

நோயை அறியுமுன் குற்றவாளியை அறிவது கடாரத்து மரபு. இதில் நான்கு கொள்கையினர் உளர்.

"ராத்திரி பூரா வெளையாண்டா கெடாம என்னா செய்யும்?" என்பது அம்மாவின் கொள்கை. அது பொருந்தாது. என்னை? பகலில் மட்டும் ஆடப்பட்ட இயந்திரங்களும் மாண்டுள்ளமையின். "ஆன்லைன்ல வாங்காதேன்னு அப்பவே சொன்னேன்" என்பது அப்பாவின் கொள்கை. அதுவும் பொருந்தாது, அவரே மகனைக் கடைக்குக் கூட்டிப்போய்த் தவணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் ஆகலின். எதிர்வீட்டுக்காரி கண்ணுதான் காரணம் என்பது பாட்டியின் கொள்கை. உப்பு மிளகாய் சுற்றிப் போட்டும் புள்ளிகள் மறையவில்லை, ஆனால் இதை மறுக்கவும் நம்மிடம் சான்றில்லை. நான்காவதாக, நண்பன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவான்: "மச்சான், டிரைவர் பிரச்சனைடா. டிடியு வச்சு சுத்தமா அழிச்சிட்டுப் புதுசா போடு." நால்வரில் இவன் ஒருவனே செய்து பார்க்கத்தக்க ஒன்றைச் சொல்கிறான். பல நேரங்களில் அவன் சொல்வது சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆகையால் அவனுக்கு வீட்டில் மதிப்பில்லை.

இந்நால்வருக்கு வெளியே ஐந்தாவது கொள்கையினர் கடைக்காரர். "அண்ணே, போர்டு போச்சுண்ணே" என்பார் அவர். மடிக்கணினியை அவர் இன்னும் திறந்திருக்கமாட்டார். ஆயினும் இக்கூற்றில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. மேசைக் கணினியில் கார்டு என்பது கழற்றி மாட்டும் பொருள். இன்றைய மடிக்கணினியில் கார்டு என்று தனியாக ஒன்று கிடையாது. சில்லும் அதன் மெமரியும் மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டவை. கார்டு போனால் போர்டு போனதுதான். அப்பா "சரி பாஸ், கார்டை மட்டும் மாத்திக் குடுங்க" என்று சொல்லும்போது கடைக்காரர் சற்று நேரம் கூரைவிசிறியைப் பார்ப்பது இதனால்தான்.

இனி நோயறியும் முறை. குற்றவாளிகளை ஒவ்வொருவராகக் கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்துவதே முறை. வீட்டாருக்கு எல்லாரையும் ஒன்றாக நிறுத்தித் திட்டித்தான் பழக்கம். முதலில் மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் வரவேற்பறை டிவியில் மாட்டிப் பார்க்க வேண்டும். அம்மா நாடகம் பார்க்கும் நேரத்தைத் தவிர்ப்பது நலம். டிவியிலும் புள்ளி தெரிந்தால் மடிக்கணினியின் திரையும் அதன் கம்பியும் நிரபராதிகள். டிவியில் படம் சுத்தமாக இருந்து, மடிக்கணினித் திரையில் மட்டும் கோடு விழுந்து, மூடியை அசைக்கும்போது கோடும் அசைந்தால் கீல் பக்கத்துக் கம்பியைச் சந்தேகிக்கலாம். அது சில்லறைச் செலவோடு போகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, அதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். "ஆன் செய்யும்போது வரும் லோகோவும் பயோஸ் திரையும் சுத்தமா இருக்கு, அதனால கார்டு நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். என்விடியா 2010இல் ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகு, பெரும்பாலான மடிக்கணினிகளில் திரைக்குப் படம் அனுப்புவது பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான். பெரிய சில்லு, விளையாட்டு தொடங்கும்போது மட்டும் கூப்பிடப்படும். எனவே பயோஸ் திரையின் அழகு பெரிய சில்லின் ஆரோக்கியத்துக்குச் சாட்சி ஆகாது. மாறாக, பல மாடல்களில் எச்டிஎம்ஐ வாசல் நேரே பெரிய சில்லோடு இணைந்திருக்கும். ஆக, மடிக்கணினியில் நன்றாகத் தெரிந்து டிவியில் மட்டும் புள்ளி பூத்தால், குற்றம் டிவியினுடையது என்று அப்பா முடிவு செய்வார். குற்றம் பெரிய சில்லுடையது.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43' என்ற குறிப்பும் இருந்தால், சில்லு தன் வாயாலேயே தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டது என்று பொருள். டிரைவரைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்ட பின்னும் 43 திரும்ப வந்தால் நண்பனின் கொள்கை விழுகிறது. மெமரி வேகத்தை ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் கொண்டு குறைத்ததும் புள்ளிகள் மறைந்தால் நோய் வீடியோ மெமரியில். சார்ஜரை மறந்துவிடக் கூடாது. கேமிங் மடிக்கணினியின் சார்ஜர் செங்கல் கனத்தில் இருக்கும். அது உடைந்தபின் தம்பி வாங்கிய மலிவான மாற்று, தேவையான வாட் கொடுக்காமல், விளையாட்டின் நடுவே எல்லாவற்றையும் தூங்கவைக்கும். கார்டு செத்தது என்று கொண்டுவரப்பட்டுக் கடையில் வேறு சார்ஜரைச் செருகியதும் உயிர்த்தெழுந்தவை உண்டு. அவற்றுக்கும் சர்வீஸ் சார்ஜ் வாங்கப்பட்டது.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரித்துப் பேச வேண்டும். பக்கத்து பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 பாகை பதிவானது. மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் அதுதான். கெடாவின் வடபகுதியும் அதே வெயிலின் பங்காளி. மூடா சமவெளியில் அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கிறார்கள். காற்று தெற்கே அடித்தால் கரித்தூள் ஜன்னல் வழியே வந்து உட்காரும். இவ்வளவுக்கும் நடுவில் மடிக்கணினி எங்கே இருக்கிறது? தரையில் விரித்த தோத்தோ மெத்தையின் மேல். காற்று இழுக்கும் துளைகள் அனைத்தும் அடிப்பக்கத்தில்.

அடித்தட்டைத் திறந்தால் இரண்டு விசிறிகளும் செம்புக் குழாய்களும் தெரியும். விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் இடையில் தூசி ஒரு கம்பளித் துண்டாக இறுகிப் போயிருக்கும், சாமணத்தால் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வரும். சாம்பிராணிப் புகை, தலைமுடி, பூனை ரோமம், பிஸ்கட் தூள் ஆகியவை அதில் உண்டு. சிலவற்றில் காய்ந்த பல்லிக்குஞ்சும் இருக்கும், வால் விசிறி அச்சில் சுற்றிய நிலையில். சில்லின் மேல் பூசிய பசை உலர்ந்து உதிரும். தூசியை எடுத்துப் புதுப் பசை தடவினாலே பாதி நோயாளிகள் பிழைத்துக்கொள்வார்கள். பல கேமிங் மடிக்கணினிகளில் சில்லு 87 பாகையை ஒட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைத்தான் ஆட்டக்காரன் 'லேக்' என்கிறான், இணையத்தைத் திட்டுகிறான்.

சூடும் காற்றும் கெடாவுக்குப் புதியவை அல்ல என்பதையும் இவ்விடத்தில் ஆய்வாளன் பதிவு செய்யக் கடமைப்பட்டவன். செமிலிங் பக்கத்துச் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் பழங்கால இரும்பு உருக்கும் தலத்தைத் தோண்டி, உலைக்குக் காற்றூதும் சுடுமண் குழாய்களைக் குவியல் குவியலாக எடுத்திருக்கிறார்கள். அந்தக் கொல்லர்களுக்குக் காற்றுக்குழாய் அடைத்தால் உலை கெடும் என்று தெரிந்திருந்தது. அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். அதன் விடுதிக் கட்டில்களில் மெத்தைமேல் கிடக்கும் மடிக்கணினிகளை ஒருவர் எண்ணிப் பார்த்தால் இரும்புக் காலத்துக்குப் பின் நேர்ந்த அறிவுச்சரிவை அளவிடலாம்.

அம்மாவின் கொள்கைக்கு இப்போது திரும்ப வேண்டியிருக்கிறது. சில்லும் அதைத் தாங்கும் பலகையும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் விரிந்து, ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் சுருங்கி, இடையில் இருக்கும் ஈயப்பொட்டுகள் இழுபட்டு ஒருநாள் கீறல் விடும். இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், சில மடிக்கணினிச் சில்லுகளின் பொதிவுப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டெல், எச்பி, ஆப்பிள் ஆகிய பெயர்களில் விற்ற இயந்திரங்கள் அதில் சிக்கின. அந்தக் காலத்தில்தான் செத்த போர்டைக் கேக் அடுப்பில் வைத்துச் சுடும் அடுப்புக் கொள்கை உலகெங்கும் பரவியது. காரீயம் கலந்த பழைய ஒட்டு 183 பாகையில் உருகும். ஐரோப்பா 2006இல் காரீயத்தைத் தடுத்த பிறகு பரவலான ஒட்டுக்கு 217 வரை வேண்டும். அடுப்பில் சுட்ட போர்டு உயிர்பெறும், சில வாரம் ஓடும், மறுபடி சாகும். ஹீட் கன் அடித்துக் கொடுக்கும் கடைகளில் வாரண்டி பற்றிக் கேட்டால் பதில் ஏன் தெளிவாக வருவதில்லை என்பதற்கு இதுவே விளக்கம். எனவே அம்மா சொன்னது தவறு, ஆனால் முழுத்தவறு அல்ல. இதை அம்மாவிடம் தெரிவிக்க வேண்டாம் என்பது ஆய்வாளனின் பரிந்துரை.

இனி இந்த ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. இன்டெல் 1972இல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் வந்தது. இன்பினியோன் அங்கே 2006இல் மின்சக்திச் சில்லு ஆலை திறந்தது. பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகளை விடியற்காலையில் பேக்டரி பஸ் வந்து ஏற்றிப் போகத் தொடங்கி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. ஆகவே மேற்சொன்ன விசாரணை நடக்கும் வீடுகள் பலவற்றில், எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண் வைத்து ஈயப்பொட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருத்தி இருக்கிறாள். அக்கா. நைட் ஷிப்டு முடித்துத் தூங்குகிறாள் என்பதால் அவளை யாரும் எழுப்பவில்லை. அப்பா கடைக்காரரைக் கேட்டார், தம்பி நண்பனைக் கேட்டான், பாட்டி சாமியைக் கேட்டாள்.

மதியம் எழுந்து பசியாறிக்கொண்டே அக்கா கேட்பாள்: "சூடாவுறதுக்கு முன்ன வருதா, சூடான பின்ன வருதா?" அறை விசிறி, திருஷ்டி, தவணை எல்லாவற்றையும் பேசி முடித்தவர்களிடம் இதற்கு மட்டும் பதில் இருக்காது. ஆறிக் கிடக்கும்போதே புள்ளி வருகிறது என்றால் கீறலையோ மெமரியையோ சந்தேகிக்க வேண்டும், தூசி தட்டிப் பயனில்லை. சூடேறிய பின்னரே வருகிறது என்றால் முதலில் தூசியும் பசையும்.

கீறல்தான் என்று உறுதியான இயந்திரத்துக்கும் கதி உண்டு. டிவைஸ் மேனேஜரில் பெரிய சில்லைச் செயலிழக்கச் செய்துவிட்டால், பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸை வைத்துக்கொண்டு அது இன்னும் சில ஆண்டுகள் எழுதும், கணக்குப் போடும், படம் காட்டும். விளையாடாது. அதாவது, வாங்கும்போது சொன்ன வாக்குறுதியை அது முதன்முறையாக நிறைவேற்றும். அப்படிப்பட்ட ஒன்றில் இப்போது அக்கா ஓவர்டைம் கணக்கு எழுதி வருகிறாள். தம்பிக்குப் பாஸ்வர்டு தெரியாது.