நாலு பெட்டி, ஒரு சாவி

கேள்வி: ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) உள்ளவர்கள் ஒரு நாளை அறம், பொருள், இன்பம், வீடு என்று பிரித்தால் உருப்படுமா?
- ஒரு வாசகி, சேலையூர்

பதில்: தாராளமாக! நீளப் பட்டியலைவிட நாலு பெட்டி மனதில் நிற்கும். வள்ளுவரே 1330 குறளை மூன்று பாலில் அடக்கினார். பொருட்பாலில் 49ஆம் அதிகாரம் காலமறிதல். 54ஆவது பொச்சாவாமை, அதாவது மறவாமை. இரண்டுமே இவர்களின் பாடத்திட்டம்தான்!

இவர்கள் மறப்பதும் தாமதிப்பதும் சோம்பலால் இல்லை. நேரம் நகர்வதே பலருக்கு உறைக்காது. அதனால் கடிகாரத்தைவிட அடையாளம் உதவும். பல் தேய்த்ததும் அம்மாவுக்கு போன்: அறம். தாம்பரத்தில் மின்ரயில் ஏறியதும், சானடோரியம் வருவதற்குள் கரண்ட் பில்: பொருள். குரோம்பேட்டை தாண்டினால் இளையராஜா: இன்பம்.

வீடு? வள்ளுவர் அதற்குத் தனிப்பால் வைக்கவில்லை. சேலையூர்க்காரர்கள் வாசலில் ஓர் ஆணி அடித்து, சாவியை அதில் மாட்டினால் போதும். மாலையில் வீடுபேறு உறுதி.