தீர விசாரிப்பவர்

"இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று வாஷிங் மெஷின் கடையில் கேட்பவர்கள் சாதாரண ஜனங்கள். நம்மவர் அந்த ரகமில்லை. ஃப்ரண்ட் லோடு மெஷினின் கண்ணாடிக் கதவைத் திறந்து, தலையை டிரம்முக்குள் விட்டு, உள்ளிருந்தபடியே கேட்பார்: "தம்பி, இதுல ஸ்பைடர் ஆர்ம் அலுமினியமா?"

கழுத்தில் அட்டை தொங்கும் அந்தத் தம்பி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட இருக்காது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியது மொத்தம் நாலு வரி: இன்வெர்ட்டர் மோட்டார், அஞ்சு ஸ்டார், வட்டியில்லாத் தவணை, பழசைக் கொடுத்தால் கழிவு. நாலிலும் பதில் இல்லாததால், "சூப்பர் மாடல் சார், நல்லா மூவ் ஆகுது" என்பான்.

"மூவ் ஆகக் கூடாதுப்பா. வெச்ச இடத்துல நிக்கணும்."

அப்புறம் வகுப்பு ஆரம்பமாகும். டிரம்மின் முதுகைத் தாங்கிப் பிடிக்கிற மூன்று கை வைத்த துண்டுதான் ஸ்பைடர் ஆர்ம். வருஷக்கணக்கில் சோப்பும் உப்புத்தண்ணியும் பட்டு அது அரித்துப்போகும். முறிந்தால் மெஷினை முழுசாகப் பிரித்து மேய வேண்டும். இதெல்லாம் உண்மை. அன்று சாயங்காலமே அந்தத் தம்பி இதை வேறொருவரிடம் எடுத்துவிட்டு ஒரு மெஷினை விற்றிருப்பான். நம்மவரின் விசாரணையால் உருப்படியாகப் பலன் அடைந்தவன் அவன் ஒருவன்தான்.

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி. மேலே மொட்டைமாடி. வீட்டிலிருந்த பழைய மெஷின் 2025 தை பிறந்ததும் நின்றுபோனது. அது மாமனார் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி அனுப்பியது. பதினாலு வருஷம் ஓடியது. இந்த உண்மையை வீட்டில் யாரும் நம்மவர் காதுபட எடுப்பதில்லை.

தை போய் மாசி, மாசி போய் பங்குனி. துணியெல்லாம் குளியலறையில் பக்கெட்டில் ஊறும். ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட் நாள். ஒரு முனையை வீட்டுக்காரம்மா பிடிப்பார், மறு முனையை நம்மவர். "1400 சுற்று ஸ்பின் இருந்தா இப்படி முறுக்கவே வேண்டாம். 700லதான் கொஞ்சம் ஈரம் நிக்கும்" என்று அவர் ஆரம்பிக்க, "இப்ப நீங்க முறுக்குங்க" என்பார் அம்மா. பேச்சு சுவாரஸ்யத்தில் அவரும் அம்மா முறுக்கும் பக்கமாகவே சுற்றிக்கொண்டிருப்பார். பெட்ஷீட்டிலிருந்து ஒரு சொட்டும் வடியாது.

அவர் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் பலவற்றுக்கு 0.3 பார் அழுத்தத்திலாவது தண்ணீர் வர வேண்டும் என்று எங்கோ படித்தார். கணக்குப் போட்டால் குழாய்க்கும் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே மூன்று மீட்டர் உயரம், அதாவது பத்தடி. கீழ்வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. கடைசி மாடிக்காரருக்குத் தொட்டி தலைக்கு மேலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறது! உச்சிவெயிலில் டேப்பும் கையுமாக மொட்டைமாடி ஏறினார். தொட்டி நிறைந்திருந்தால் பத்தடி தேறுகிறது, பாதியானால் இடிக்கிறது. அன்றிலிருந்து தொட்டியின் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறார். துணி துவைக்கவா, குளிக்கவா என்று தெரியாமல் காவலாளி குழம்பிப்போனார்.

மெக்கானிக்குகளை வழிமறிப்பது அடுத்த கட்டம். எந்த வீட்டு வாசலில் டூல் பை வைத்த வண்டி நின்றாலும் படியிறங்கிவிடுவார். "எந்த கம்பெனி நல்லா இருக்கு?" மெக்கானிக் என்ன சொல்வார்? அவர் கண்ணில் படுவதெல்லாம் படுத்துவிட்ட மெஷின்தானே. "எல்லாமே வருது சார்" என்பார். "அதிகமா எது வருது?" என்று கேட்டால் ஒரு பெயர் வரும். ஊரில் அதிகம் விற்பதும் அதுவாகவே இருக்கும். அதிகம் விற்றால் ரிப்பேரும் அதிகம் வரத்தானே செய்யும் என்ற நியாயம் நம்மவருக்குத் தோன்றாது. அந்தப் பெயரை அங்கேயே அடித்துவிடுவார். இப்படி அடித்து அடித்து, சித்திரை முடிவதற்குள் அவர் பட்டியலில் ஒரு கம்பெனியும் மிஞ்சவில்லை. முதலிலிருந்து தொடங்கினார்.

கல்யாண வீடு, கிரகப்பிரவேசம், எதையும் விடுவதில்லை. ஒரு துக்க வீட்டில், எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கையில், உள்ளே எங்கோ மெஷின் ஸ்பின்னுக்குப் போகும் சத்தம். நம்மவர் தலை மட்டும் நிமிர்ந்தது. கிளம்பும்போது இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கப்பா" என்றவர், குரலைத் தாழ்த்தி, "டைரக்ட் டிரைவா, பெல்ட்டா?" என்றார்.

ஆன்லைனில் எழுதுபவர்கள்மேல் அவருக்குத் தனிக் கோபம். "வாங்கி ரெண்டு நாள் ஆச்சு, அருமையா உழைக்குதுன்னு அஞ்சு ஸ்டார் போடறான். ரெண்டு நாள் எதுதான் உழைக்காது?" இதில் நான் அவர் கட்சி. ஆனால் அதன் மறுபக்கத்தில்தான் அவரே மாட்டிக்கொண்டிருக்கிறார். பத்து வருஷம் உழைத்த மெஷினைத்தான் நம்புவார். அப்படி ஒன்றை எதிர்வீட்டில் கண்டுபிடித்தும்விட்டார். மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், அது நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கடையிலிருப்பதெல்லாம் போன வருஷம் வந்தவை. அவை உழைக்குமா என்பது 2035ல்தான் தெரியும். அதற்குள் அவையும் நின்றுவிடும். நாளை பிறக்கப்போகும் பிள்ளைக்கு இன்றே நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிற கதை.

வாரண்டி அட்டையும் அவரை ஏமாற்ற முடியாது. "மோட்டாருக்குப் பத்து வருஷம்னு பெரிசா போட்டிருக்கான். மோட்டார் எங்க கெட்டுப்போகுது? போறது போர்டு. அதுக்கு எத்தனை வருஷம்னு பொடி எழுத்துல இருக்கு பாருங்க." போர்டுக்குள் பல்லி போகும், எறும்பு போகும், எலி ஒயரைக் கடிக்கும் என்று வரிசையாகச் சொல்லுவார். கேட்டவர்கள் வாங்க வைத்திருந்த காசில் வேறு ஏதாவது வாங்கிவிடுவார்கள்.

ஆடித் தள்ளுபடியில் வாங்கியிருக்கலாம். ஜிஎஸ்டி குறையப்போகிறது என்ற பேச்சு வந்தது. காத்திருந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும், பெரிய டிவிக்கும், பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் 28 சதவீதம் 18 ஆனது. வாஷிங் மெஷினுக்கு? அது 2018 ஜூலையிலேயே 18க்கு இறங்கிவிட்டதாம். வேறொருவராக இருந்தால் இடிந்துபோயிருப்பார். நம்மவர், "நல்லவேளை, 2017ல வாங்கல" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. பால்கனியில் வெங்காயக் கூடையைச் சுமந்துகொண்டு நின்ற செத்த மெஷினுக்கும் நம்மவர் பயபக்தியோடு சந்தனம் குங்குமம் வைத்தார். வீட்டுக்காரம்மா அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர், முக்கால் மணி நேரத்தில் பில்லோடு திரும்பினார்.

"டாப் லோடா! ஏன்?"

"எனக்குக் குனிய முடியல. நடுவுல ஒரு கர்ச்சீப் கெடைச்சா திறந்து போடணும்."

நம்மவர் தன் மொபைலை எடுத்து எக்செல் ஷீட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். சுற்று வேகம், டிரம், பெல்ட், அழுத்தம், எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. மூட்டுவலிக்கு இல்லை.

"மோட்டார் என்னன்னாவது கேட்டியா?"

"கேட்டேன். சத்தம் போடாதாம். எனக்கு அது போதும்."

ஆனாலும் மெஷின் வந்து இறங்கிய அன்று அவருடைய நாள். பொருத்த வந்த பையன் பைப்பை மாட்டி, பிளக்கைச் செருகி, பெட்டியையும் தெர்மாகோலையும் அள்ளிக்கொண்டு கிளம்பப் பார்த்தான். "நில்லு. எலித்தட்டு எங்க?" மெஷினின் அடியில் செருகுகிற பிளாஸ்டிக் தட்டு, தெர்மாகோலுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருந்தது. பையன் அசடு வழிந்தபடி அதை மாட்டினான். அடுத்து நம்மவர் கொத்தனாரிடம் இரவல் வாங்கி வைத்திருந்த ரசமட்டத்தை மூடிமேல் வைத்தார். குமிழி இடதுபக்கம் ஒதுங்கியது. ஒரு காலைத் திருகி, மறுபடி வைத்து, இன்னொரு காலைத் திருகி, குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை பையனை விடவில்லை. மெஷின் ஸ்பின்னுக்குப் போனபோது மேலே வைத்த காபி டம்ளர் அசையவில்லை. வீட்டுக்காரம்மாகூட ஒரு கணம் அவரை மரியாதையாகப் பார்த்தார்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு பையன் சொன்னான். "சார், ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் வரும். அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார்."

"போடறேன்ப்பா, அவசரம் என்ன? பத்து வருஷம் ஓடட்டும்" என்றார் நம்மவர். "உன் நம்பரை மட்டும் குடுத்துட்டுப் போ."