விடியற்காலைக் கனவுக்கு யார் பொறுப்பு? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சில மாதங்களாகக் காலையில் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்கிறேன். அதற்குப் பிறகு கனவுகள் நிறமும் கதையுமாக, விழித்த பின்னும் மறையாமல் நிற்கின்றன. இது முன்னேற்றமா, மூளைக் கோளாறா?
*(வங்கி ஊழியர், வெள்ளவத்தை)*

பதில்: இரண்டும் இல்லை, தம்பி. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தியானத்துக்காக நாலரை, ஐந்து மணிக்கு எழும்பத் தொடங்கியிருப்பீர்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. நித்திரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைக் கண்டுபிடித்து 1953இல் வெளியிட்டார்கள். முன்னிரவில் சில நிமிடங்களே இருக்கும் அந்தக் கட்டம், விடியப்போகும் நேரத்தில் அரை மணி வரை நீளும். அதன் நடுவில் அலாரம் அடித்தால் கனவும் உங்களோடு சேர்ந்தே எழும்பும். சீலம் காக்கிறேன் என்று இரவுச் சாராயத்தை விட்டிருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. மது அந்தக் கட்டத்தை அடக்கிவைக்கும். நிறுத்தியதும் அது வட்டியோடு திரும்பும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரைகளில் சிலவும் கனவைக் கூட்டும். அப்படி ஏதாவது எடுத்தால் வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மீதிப் பாதி தியானத்தினுடையது. பகலில் கவனிக்கப் பழகிய மனம், விழிக்கும் கணத்தில் தன்னிடம் இருப்பதையும் கவனிக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து உரை எழுதிய புத்தகோசர் கனவுக்கு நாலு காரணம் சொல்கிறார்: உடலின் தாதுக்கள் குழம்புவது, முன்பு கண்டு கேட்டு அனுபவித்தது, தேவர்கள் காட்டுவது, வரப்போவதன் முன்குறி. முதல் இரண்டும் பலிக்காது என்று அவரே சொல்லிவிடுகிறார். ஒரு வாரம் கனவுகளை எழுதிப்பாருங்கள். இரவுச் சாப்பாடும், மேலாளரின் முகமும், பத்தாம் வகுப்புச் சோதனை மண்டபமும்தான் திரும்பத் திரும்ப வரும். கண்டதைக் கண்டேன் என்று குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். முன்னேற்றத்தை அளக்க வேண்டுமானால் கவுண்டரில் கத்தும் வாடிக்கையாளர் போன பிறகு உங்கள் கோபம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். பௌத்த மார்க்கத்தில் வேலை நடப்பது பகலில்.

கேள்வி: விடியற்காலையில் பல் விழுவதாகக் கனவு கண்டேன். விடியக் கண்டது பலிக்கும், வீட்டில் சாவு விழும் என்று மாமி பயப்படுகிறார். பரிகாரம் செய்ய ஒருவர் இருபத்தையாயிரம் ரூபா கேட்கிறார்.
*(இல்லத்தரசி, கொட்டாஞ்சேனை)*

பதில்: கொடுக்காதீர்கள்.

மாமி சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பகலிலும் முதல், நடு, கடை யாமங்களிலும் கண்ட கனவு பலிக்காது, உண்டது நன்றாகச் செரித்து அருணன் உதிக்கும் வேளையில் கண்டது பலிக்கும் என்று விபங்கத்தின் பாளி உரையிலும் இருக்கிறது. ஆனால் மேலே புத்தகோசர் சொன்ன நாலு காரணத்தில் உங்களுடையது எது என்று முதலில் தெரிய வேண்டும். பணம் கேட்பவரிடம் அந்தத் தீர்ப்பை விடக்கூடாது. 2018இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று, பல் விழும் கனவு மனக் கவலையோடு அல்ல, எழும்பும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் உணரும் இறுக்கத்தோடு சேர்ந்து வருவதைக் கண்டது. புத்தகோசரின் முதல் காரணம் அதுவே. பல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

77ஆவது ஜாதகக் கதையை மாமிக்குச் சொல்லுங்கள். கோசல மன்னன் பசேனதி ஒரே இரவில் 16 கனவுகள் கண்டு நடுங்கினான். புரோகிதர்கள் உயிருக்கும் அரசுக்கும் செல்வத்துக்கும் ஆபத்து என்றார்கள். பெரிய யாகம் செய்ய வேண்டும் என்று பலிக்கு விலங்குகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அரசி மல்லிகாதான், முதலில் புத்தரிடம் கேளுங்கள் என்று அவனை அனுப்பினாள். அவர் 16 கனவையும் கேட்டார். இவை வெகுகாலத்துக்குப் பின்னர், அரசர்கள் நீதி தவறும் காலத்துக்கு உரியவை, உமக்கு ஒரு கேடும் இல்லை என்றார். விலங்குகள் பிழைத்தன. பயந்த மனிதனிடம் காசு பறிக்க நினைப்பவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல ஒரு மல்லிகா ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான். கனவுக்குப் பலன் சொல்லிப் பிழைப்பதைப் புத்தர் இழிந்த வித்தைகளின் பட்டியலில் வைத்தார். தீகநிகாயத்தின் முதல் சூத்திரத்திலேயே அது இருக்கிறது. ஆகவே விகாரைக்குப் போய்த் தேரரிடமும் பலன் கேட்க வேண்டாம்.

கேள்வி: போயாவுக்கு நண்பர்களோடு சில் (சீலம்) எடுத்தேன். அன்றிரவு வெளியில் சொல்ல முடியாத ஒரு கனவு. சில் முறிந்துவிட்டதா?
*(பல்கலைக்கழக மாணவன், வெள்ளவத்தை, பெயர் வேண்டாம்)*

பதில்: முறியவில்லை. இதே பயம் புத்தர் காலத்துப் பிக்குகளுக்கும் வந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு, கவனமின்றித் தூங்கி, கனவில் நேர்ந்துவிட்டதை எண்ணி நாங்கள் குற்றவாளிகளா என்று கலங்கினார்கள். அந்த வேளையில் எண்ணம் இருந்தது உண்மை, ஆனால் கணக்கில் எடுக்கத்தக்கது அல்ல என்று சொல்லி, கனவில் நிகழ்வது நீங்கலாக என்று விதியையே அவர் திருத்தினார். பிக்குகளின் ஒழுக்க நூலான விநயத்தின் சங்காதிசேசப் பகுதியில் முதல் விதி அது. வாழ்நாள் முழுவதும் துறவு பூண்டவருக்கே இல்லாத குற்றம், ஒருநாள் சில் எடுத்த உமக்கு எங்கிருந்து வரும்? தலை குளித்துவிட்டுப் பாடத்தைப் பாரும், தம்பி.

கேள்வி: அரகத் நிலை அடைந்தவர் கனவு காண்பாரா?
*(வாசகர், தெகிவளை)*

பதில்: காணமாட்டார் என்கின்றன உரைகள். பொருளைப் புரட்டிக் காணும் மயக்கம் அவரிடம் அற்றுவிட்டது. அவருக்குக் கீழே, மார்க்கத்தில் வெகுதூரம் வந்தவர்கள் உட்பட எல்லோரும் காண்பார்கள்.

கேள்வி: 2019 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில் நின்றேன். இன்னமும் மாதத்தில் சில இரவுகள் அதே சத்தம், அதே புகை, வியர்த்து எழும்புகிறேன். மெத்தா தியானம் செய்தால் கெட்ட கனவு வராது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் கத்தோலிக்கப் பிள்ளை. செய்யலாமா?
*(தையல் தொழிலாளி, கொட்டாஞ்சேனை)*

பதில்: செய்யலாம், தங்கச்சி. அக்கா சொல்வது அங்குத்தர நிகாயத்தில் உள்ளதுதான். மெத்தாவுக்கு 11 பயன்கள் சொல்லப்படுகின்றன: சுகமாக நித்திரை வருவது, சுகமாக எழும்புவது, கெட்ட கனவு காணாமை என்பவை முதல் மூன்று. எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று மனதார நினைப்பதில் உங்கள் விசுவாசத்துக்கு முரணானது எதுவும் இல்லை. உங்களிலிருந்து தொடங்குங்கள், பிறகு உங்களுக்குப் பிரியமான ஒருவர். குண்டு வைத்தவர்களிடமிருந்து தொடங்கும்படி எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆனால் இதோடு நின்றுவிட வேண்டாம். உங்களுடையது சாதாரணக் கெட்ட கனவு இல்லை. நடந்தது நடந்தபடியே வருடக்கணக்காகத் திரும்ப ஓடுகிறது என்றால் அது ஆறாத காயம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. கனவின் போக்கைப் பகலில் நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப்பார்க்கும் பயிற்சி ஒன்று. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் அமெரிக்காவில் செய்துபார்த்து, கெட்ட கனவுகள் குறைந்ததாக 2001இல் வெளியிட்டார்கள். முதலில் பயிற்சி பெற்ற ஒருவரோடு இருந்து செய்ய வேண்டும். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. எடுங்கள். எடுக்கக் கை வராவிட்டால் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் இப்படிப்பட்டவர்களோடு இருந்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், 1998இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற நூலை எழுதியவர். மனதை அமைதிப்படுத்தும் பயிற்சியை அவரவர் சமயத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கும் முறையை அவரும் தோழர்களும் கையாண்டார்கள். சைவருக்கு ஓம், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி, முஸ்லிமுக்குத் திக்ர், கத்தோலிக்கருக்குச் செபமாலை. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு தியானம் இருக்கிறது.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். பத்து நாள் மௌனத் தியான முகாம்களுக்கு இப்போது போகாதீர்கள். பேச்சும் வேலையும் ஆட்களும் இல்லாத இடத்தில் அந்தச் சத்தம் பெரிதாகும். சிகிச்சை பார்த்து, ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, பிறகு பார்க்கலாம். மெத்தா செய்தும் கனவு வந்தால் உங்கள் அன்பு போதவில்லை என்று ஒருவரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: கனவில் ஒரு தேரர் வந்து, வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வா என்றார். அழைப்பா இது?
*(கணினிப் பொறியியலாளர், வெள்ளவத்தை)*

பதில்: மணிமேகலையை நினைத்துப்பாருங்கள். தெய்வம் அவளை நித்திரையில் தூக்கிக்கொண்டு மணிபல்லவத்தில் சேர்த்தது உண்மை. ஆனால் பழம்பிறப்பை அவள் அறிந்தது விழித்தெழுந்து, தனியே அலைந்து, புத்தபீடத்தைக் கண்ட பிறகு. அறத்தைக் கேட்டதோ அதற்கும் வெகுநாள் கழித்துக் காஞ்சியில் அறவண அடிகளிடம், கண் திறந்தபடி. நீங்களும் விழித்திருக்கும் ஒரு தேரரிடம் போய், விழித்திருக்கும்போது கேளுங்கள். அவர் வேலையை விடச் சொல்வதற்கு முன் வீட்டில் யார் உங்களை நம்பியிருக்கிறார்கள் என்று கேட்பார்.

கேள்வி: 83 ஜூலையில் இதே ஒழுங்கையில் வீடுகள் எரிந்ததைப் பார்த்தவன் நான். இப்போது என் பேத்தி பௌத்தத் தியானம் பழகுகிறாள். கனவில் வெள்ளைத் தாமரை கண்டேன் என்று சந்தோசமாகச் சொல்கிறாள். என் மனம் ஒப்பவில்லை.
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை)*

பதில்: ஐயா, ஒப்பாததற்கு நியாயம் இருக்கிறது. அந்த நெருப்பை மறக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை, பேத்திக்கும் இல்லை. ஆனால் அவள் பழகுவது எரித்தவர்களின் சொத்து அல்ல. பாளியில் எழுதிய புத்ததத்தர் உறையூர்க்காரர். உரையாசிரியர் தர்மபாலரைக் காஞ்சியோடு சேர்த்தே மரபு சொல்கிறது. மணிமேகலை பாடிய சாத்தனார் நம்மவர். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கேணல் ஒல்கொட்டோடு கொழும்புக்கு வந்து, மாளிகாகந்தை வித்தியோதய பிரிவேனாவின் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பௌத்தம் ஏற்றார். திரும்பிப் போய்ச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சாதியை உதறுவதற்கு அந்த மனிதர் கண்ட வழி அது. அதே 1898இல் கொட்டாஞ்சேனையில் பிறந்த ஒரு பிள்ளை, அங்கே புனித பெனடிக்ட் கல்லூரியில் கத்தோலிக்கரிடம் படித்து, பிற்காலத்தில் பம்பலப்பிட்டி வஜிராராமையின் நாரத தேரர் ஆனார். இந்த நகரத்தில் சமயங்கள் ஒன்றின் வாசலை ஒன்று கடந்துதான் போயிருக்கின்றன.

தாமரைக் கனவுக்கு நான் பலன் சொல்லமாட்டேன். அவள் அதைப் பெருமையாகப் பிடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். என் வேண்டுகோள் உங்களிடம். நாற்பது வருடத்துக்கு மேலாக உங்கள் நித்திரையில் அந்த ஒழுங்கை வராமல் இருந்திருக்காது. அதை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா? அவள் கனவைக் கேட்கும் அன்றைக்கே உங்களுடையதையும் சொல்லுங்கள். கண்ணை மூடி எல்லா உயிருக்கும் நலம் நினைக்கும் பிள்ளைக்கு, தாத்தாவின் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கனவு காணும்போதே இது கனவு என்று தெரிகிறது. திபெத்தியர் இதையே ஒரு யோகமாகச் செய்கிறார்களாமே?
*(மாணவி, கொட்டாஞ்சேனை)*

பதில்: செய்கிறார்கள். நரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில் கனவு யோகமும் ஒன்று. கனவு மனம் கட்டியது என்று கனவுக்குள்ளேயே அறிந்து, விழிப்பு உலகத்தையும் அதே பார்வையில் பார்க்கப் பழகுவது அதன் நோக்கம். நினைத்த இடத்துக்குப் பறப்பதற்காக அல்ல. இப்படி ஒரு நிலை உண்டு என்பதை 1975இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹேர்ன், கனவுக்குள் இருந்தவர் முன்பேசியபடி கண்ணை இடம்வலமாக அசைத்துக் காட்டியதைப் பதிவுசெய்து நிறுவினார். நம் நாட்டுத் தேரவாதத்தில் இது ஒரு பயிற்சியாக இல்லை. வலப்பக்கமாகச் சரிந்து, எழும்ப வேண்டிய நேரத்தை மனதில் வைத்து, நினைவோடு கண்ணயர்வதை மட்டும் சூத்திரங்கள் சொல்கின்றன. சோதனை நெருங்குகிறது என்றால் இப்போதைக்கு அதுவே போதும், மகள். நித்திரையைக் கெடுத்துக் கனவைத் துரத்த வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கனவே வருவதில்லை. தியானத்துக்குத் தகுதி இல்லையா?
*(கடை உரிமையாளர், வெள்ளவத்தை)*

பதில்: வருகிறது, அண்ணை, நினைவில் நிற்பதில்லை. ஆழ்ந்த நித்திரையிலும் கனவில்லை, விழிப்பிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள குரங்குத் தூக்கத்தில்தான் கனவு என்று நாகசேனத் தேரர் மிலிந்த மன்னனுக்குச் சொன்னார். நீங்கள் இரவு பதினொன்றுக்குக் கடை பூட்டி விழுந்தால் விடியும்வரை அசையாத ஆளாக இருக்கலாம், அந்த நடுத் தூக்கம் உங்கள் நினைவில் தங்காமல் போகலாம். ஆசையாக இருந்தால், விழித்ததும் உடம்பை அசைக்காமல், கைபேசியைத் தொடாமல் ஒரு நிமிடம் கிடந்து பாருங்கள். ஏதாவது அகப்பட்டால் சரி. அகப்படாவிட்டால் எழும்பி உட்கார்ந்து முதல் மூச்சிலிருந்து தொடங்குங்கள்.