செயலாளர் தம்பிக்குப் பெரியப்பன் சொல்றது

வாய்யா செயலாளரே. திருவிழா நோட்டீசப் பாத்தேன். சாமி பேரவிட உன் ஈமேயில் பெருசா இருக்கு. அதுவும் உன் சொந்த ஈமேயில், பொறந்த வருசத்தோட. பேங்குக்கும் அதேதான், இபிஎஃப்புக்கும் அதேதான். பேனர்ல மட்டும் போட்டிருந்தா விட்டுத் தொலைக்கலாம். ஜாசின் பஸ் ஸ்டாண்டுல தொங்குறத எந்த மிஷினும் வந்து நின்னு படிக்காது. நீ இண்டர்நெட்டுல வேற ஏத்திட்டே. இப்ப லாட்டரி விழுந்துச்சு, வயிறு குறையும்னு லெட்டர் வந்து குவியுதாம். பரவால்ல, கோயிலுக்கு ஆள் வரலன்னாலும் உன்னத் தேடி வர்றானுங்க.

யாரு அனுப்புறான்னு கேக்குற. விடியக்காலையில பெரட்டுக்களத்துல தண்டல் தலை எண்ணுவாருல்ல, அது மாதிரி ஒரு மிஷின் பக்கம் பக்கமாப் போயி, வால் சுருட்டின ஏ எழுத்து எங்க இருக்குன்னு எண்ணி எடுத்துக்கும். அதுக்கு லீவும் இல்ல, மழைநாளும் இல்ல. எடுத்தத மிஷின்காரன் விப்பான். வாங்குனவன் இன்னொருத்தனுக்கு விப்பான்.

புக்கிட் பெருவாங்ல மல்டிமீடியா யுனிவர்சிட்டியில படிக்கிற என் பேத்தி ஒரு கதை சொன்னா. அமெரிக்காவுல சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்ட் டெக்னாலஜின்னு ஒரு சங்கம். புது ஈமேயிலா உண்டாக்கி அங்கங்க போட்டு வெச்சுக் காத்திருந்தானுங்க. 2003ல அறிக்கை விட்டானுங்க. வந்த குப்பை 8,800க்கும் மேல. அதுல நூத்துக்கு 97க்கு மேல, இண்டர்நெட்டுப் பக்கத்துல பச்சையா எழுதி வெச்ச விலாசத்துக்குத்தான் போயிருக்கு. அதே விலாசத்த அட், டாட்டுன்னு வார்த்தையா எழுதுனதுக்கு ஒண்ணுகூட வரல. பழைய கதைதான். இப்ப இங்கிலீஷ்ல எழுதுன அட், டாட்டு சில மிஷினுக்குப் புரிஞ்சிடுது. அதனால நீ தமிழ்ல எழுது. தமிழ் படிக்கத் தெரியாத பக்தனுக்குப் போன் நம்பர் இருக்கு. படமாப் போடலாம்னு நெனைக்காத. கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுற போனு படத்தப் பாத்துப் பல நேரம் முழிக்கும். எல்லாத்தையும் விட ஒரு கூகுள் ஃபார்ம் போட்டுடு. அன்னதானத்துக்கு எழுதுறவன் அதுல எழுதட்டும், விலாசமே வெளிய தெரிய வேணாம்.

ஜிமெயில்ல ஒரு வித்தை இருக்கு. உன் பேருக்குப் பின்னால ஒரு கூட்டல் குறி போட்டு, பந்தல்காரன், ஐஸ்காரன்னு இங்கிலீஷ் எழுத்துல எழுதலாம். எல்லாம் உன் பெட்டிக்கே வரும். அப்புறம் பந்தல்காரனுக்குக் குடுத்த பேர்ல மாத்திரை விளம்பரம் வந்துச்சுன்னா, மொய் வாங்கிட்டு வித்தவன் யாருன்னு தெரிஞ்சிடும். விவரமான திருடன் கூட்டலுக்கு அப்புறம் உள்ளத வெட்டிடுவான், அது வேற.

கோவத்துல, 'இனிமே அனுப்பாதே'ன்னு லெட்டருக்குக் கீழ இருக்குறத அமுக்கிடாத. தெரிஞ்ச கடைன்னா சரி. தெரியாதவன்னா, 'ஆள் உசுரோட இருக்கான்'னு நீயே தகவல் சொன்ன கணக்கு. சட்டம் இருக்கேன்னு சொல்லுவ. இருக்கு, 2010ல போட்டு 2013 நவம்பர்ல அமலுக்கு வந்த தனிநபர் தரவுச் சட்டம். விளம்பரத்துக்கு என் விவரத்தத் தொடாதேன்னு எழுதிக் குடுக்க உனக்கு உரிமை உண்டு. மலாக்கா டவுன்ல இருக்குற கடைக்காரன் பயப்படுவான். கடல் தாண்டி இருக்குறவன் நம்ம சட்டத்தப் பாத்தா பயப்படுவான்? ஏமாந்து காசக் கட்டிட்டேன்னா மட்டும் வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காத. உடனே 997க்கு அடி.

இப்போதைக்குக் கோயில் பேர்ல தனியா ஒரு ஈமேயில் தொற. உன் பேரு அதுல எங்கயும் வரக் கூடாது, மனசு வலிச்சாலும் சரி. பாஸ்வர்ட எழுதி ஒட்டின உறையில போட்டுப் பொருளாளர் கையில குடு. கூட்டத்துக்குக் கூட்டம் கோவிச்சுக்கிட்டு ராஜினாமா பண்ற ஆளு நீ, உன்கூட சேந்து கோயில் லெட்டரும் வீட்டுக்குப் போயிடக் கூடாது பாரு.