ரெண்டுல எது, சொல்லுங்க

லிஃப்ட் கதவு சாத்துவதற்குள் எங்கள் குடியிருப்பின் ரெட்டைபோன்காரர் சட்டைப்பையிலிருந்து ஒன்று, பேன்ட் பையிலிருந்து ஒன்று என்று இரண்டு போனையும் உருவிவிடுவார். இரண்டிலும் ஒரே படம். ஒரு கட்டுக் கொத்துமல்லி. காலையில் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கியது, இன்னும் ஈரம் சொட்டுகிறது.

"ரெண்டுல எது, சொல்லுங்க சார்."

எனக்கு முட்டிவலி உண்டு. இருந்தும் இரண்டாம் மாடியிலேயே இறங்கி, மிச்ச மூன்று மாடியைப் படியேறிப் போயிருக்கிறேன்.

புதுப் போன் வாங்கினால் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவதுதான் ஊர் வழக்கம். ரெட்டைபோன்காரர் தள்ளமாட்டார். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறி வருஷம் ஒன்றாகியும் பழையது தினமும் சார்ஜ் போடப்பட்டுப் பையில் கிடக்கிறது. சிம் இல்லை, வைஃபை மட்டும். அதற்கு ஒரே வேலைதான்: தோற்பது. சில நாள் அது ஜெயித்துத் தொலைக்கும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

கேட்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். எது எந்தப் போன் என்று முதலில் காட்டமாட்டார். இரண்டையும் உள்ளங்கையால் பாதி மறைத்து, வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவர் மாதிரி நம் மூக்கருகே நீட்டுவார். "இடது" என்றால் "அப்படியா?" என்பார். அந்த அப்படியாவில் ஒரு பெருமூச்சு கலந்திருந்தால் நாம் காட்டியது பழையது. உடனே விளக்கம் வரும். "அது கலரைக் கூட்டிக் காட்டுது சார். கொத்துமல்லி நெசத்துல இவ்வளவு பச்சையாவா இருக்கும்?" சரி, அடுத்த தடவை "வலது" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்பார். விடை சரியாக இருந்தால் மட்டும் மார்க் கிடையாது; கணக்கு வாத்தியார் மாதிரி ஸ்டெப்ஸ் வேண்டும் அவருக்கு. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைப் பேர் மாற்றிக் கூப்பிட்டுவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கொத்துமல்லி என்றில்லை. தண்ணீர் லாரி, மொட்டைமாடியில் காயும் வடகம், வாட்ச்மேன் நாற்காலிக்கடியில் தூங்கும் நாய், எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி உண்டு. ஒருநாள் தெருமுனை டீக்கடையில் மசால்வடை. பேப்பர் துண்டோடு வடையை வெயில் படும்படி பெஞ்சில் வைத்தார். முதலில் ஒரு போன். அடுத்ததை எடுத்து அதே கோணம் பிடிப்பதற்குள் மேகம் வந்து வெயிலை மறைத்துவிட்டது. ஒப்பீடு செல்லாது. வெயில் திரும்பும்வரை காத்திருந்தார். நானும் காத்திருந்தேன், அந்தப் பேப்பரில் என் வடையும் இருந்தது. படம் முடிந்ததும் மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் ஆற்றுகிற கையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பி இரண்டு திரையையும் பார்த்தார்.

"ரெண்டுலயும் வடை ஆறிப்போச்சு சார்."

நேரில் சிக்காதவர்களுக்கு வாட்ஸ்அப். இரண்டு படம், கீழே ஒரு கேள்விக்குறி. வாட்ஸ்அப் எந்தப் படத்தையும் நசுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். 2023 ஆகஸ்டில்தான் ஹெச்.டி. என்று ஒரு பொத்தான் கொடுத்தார்கள், அதையும் நாமாகத் தொட்டால்தான் உண்டு. இவர் தொடமாட்டார். இரண்டு பால்காரரின் பாலையும் ஒரே குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டு எது கெட்டி என்று கேட்டால் என்ன சொல்வது? இதை அவரிடம் விளக்கினேன். அன்று ராத்திரியே எல்லாப் படமும் ஹெச்.டி.யில் மறுபடி வந்தன. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இன்றைய போன் ஒரே ஒரு படம் எடுப்பதும் இல்லை. பொத்தானைத் தொட்டதும் வெளிச்சம் கூடவும் குறையவுமாகப் பல படங்களைச் சுட்டு, வானத்தை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்துக் கிண்டித் தருகிறது. அப்படிப் பார்த்தால் இவர் கேட்பது கேமராவைப் பற்றிய கேள்வியே கிடையாது, சமையல்காரர்களைப் பற்றியது. வத்தக்குழம்பில் ஒரு வீட்டில் வெல்லம் போடுவார்கள், ஒரு வீட்டில் போடமாட்டார்கள். இதற்குப் போய் லிஃப்டில் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

இத்தனைக்கும் போன வருஷம்வரை ஆப்பிளைத் திட்டிய வாய் இது. 2016-ல் ஐபோன் 7 ஹெட்போன் துளை இல்லாமல் வந்தபோது, "காதையே தூத்துட்டு கம்மல் விக்கிறான் சார்" என்றார். 2020-ல் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் கிடையாது என்றதும், "இலையை மட்டும் போட்டுட்டு சோத்தை வீட்லேர்ந்து கொண்டாங்கறான்" என்று மாதக்கணக்கில் சொல்லித் திரிந்தார். அடுத்த ஜனவரியிலேயே சாம்சங்கும் கேலக்ஸி எஸ்21 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. அதைப்பற்றி மூச்சு இல்லை. அவருடைய பழைய போனின் திரை விநாடிக்கு 120 தடவை புதுப்பித்துக்கொள்ளும். ஐபோன் 15-ன் திரை 60 தடவை. அந்தக் காலத்தில் 120 இல்லாத போனெல்லாம் கட்டைவண்டி. இப்போது, "மனுஷன் கண்ணுக்கு 60 போதும் சார். அதுக்கு மேல போனா கண்ணுக்குத்தான் கேடு." கட்சி மாறிய பேச்சாளரை மேடையில் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. துண்டு மாறும், தொண்டை அதேதான்.

மாறியதற்கு அவர் சொல்லும் காரணம் வயர். 2012-ல் ஐபோன் 5 வந்ததிலிருந்து அதற்கென்று தனி வயர், வீட்டில் வேறு யாருடைய சார்ஜரும் சேராது. ஐரோப்பிய ஒன்றியம் எல்லாப் போனுக்கும் ஒரே துளை என்று சட்டம் போட்டபின், 2023 செப்டம்பரில் ஐபோன் 15 ஊரோடு ஒத்து டைப்-சிக்கு வந்தது. "இனிமே தடையில்லை சார்" என்றார், ஜாதகம் பொருந்திவிட்ட மாதிரி. வந்தபோது விலை 79,900 ரூபாய். ஒரு வருஷம் யோசித்தார். 2024 ஆகஸ்டில், 24 மாதத் தவணையில் வாங்கினார். செப்டம்பரில் ஐபோன் 16 வந்தது, 15-ன் விலையில் ஏறக்குறைய 10,000 ரூபாய் இறங்கியது.

அந்த வாரம் லிஃப்டில் அவர் எதையும் நீட்டவில்லை. கேட்டுத் தொலைத்தது நான்தான்: "என்ன சார், இன்னிக்குப் படம் ஒண்ணும் இல்லையா?"

அந்தப் பத்தாயிரத்தைத்தான் கொத்துமல்லியிலும் வடையிலும் நம்மிடம் கொஞ்சங்கொஞ்சமாக வசூலித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அவர் விரல் இன்னும் மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் திரையின் எந்தப் பக்கத்து ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால் போகும். ஐபோனில் இடமிருந்து வலமாக இழுத்தால் மட்டும். அவருடைய வலதுகைப் பெருவிரல் வலது ஓரத்தையே சுரண்டிக்கொண்டிருக்கிறது, சந்தையில் விற்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய கொட்டிலுக்கே வருகிற மாதிரி. யாராவது கவனித்துவிட்டால் கண்ணாடியைத் துடைப்பதுபோல் இரண்டு தேய்ப்புத் தேய்ப்பார். பழையதில் போன் பேச்சு சத்தமில்லாமல் பதிவாகும். ஐபோனில் 2024 அக்டோபரில்தான் அந்த வசதியே வந்தது, அதுவும் பேச்சு பதிவாகிறது என்று இரண்டு பக்கத்துக்கும் உரக்கச் சொல்லிவிட்டு. அவர் தன் அண்ணனிடம் நிலத் தகராறு பேசும்போது அந்த அறிவிப்பு ஒலித்தது. அந்தக் கதை நமக்கு வேண்டாம்.

"இதுல தமிழ் அடிக்க வரல சார்" என்று ஒருநாள் ஒப்புக்கொண்டார். எனக்கு உற்சாகம். 2013-ல் ஐஓஎஸ் 7-லேயே தமிழ் 99, அஞ்சல் என்று இரண்டு விசைப்பலகை வந்துவிட்டது, அஞ்சல் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது என்று சொல்லிக்கொண்டே போனேன். கண் மின்னக் கேட்டார்.

"ரெண்டு இருக்கா? ரெண்டுல எது பெட்டர்?"

ஐபோன் 15-ஐ ஸ்ரீபெரும்புதூரிலும் பூட்டினார்கள் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. "நம்ம ராமானுஜர் ஊர் சார்" என்பார். ரகசியமாகக் கொடுத்த மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னவர் ராமானுஜர். நல்லவேளை, எங்கள் குடியிருப்பில் ஐந்து மாடிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. ஊரிலிருந்து அவர் அம்மா வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவரை இரண்டு போனிலும் எடுத்து, இரண்டையும் அவர் மடியில் வைத்தார். பழையதில் முகத்தைத் தானாகவே வெளுத்து மழுக்கும் ஏற்பாடு உண்டு. சுருக்கம் ஒன்றில்லை, கன்னம் பளபளவென்று, யாரோ தங்கைபோல் இருந்தார். ஐபோனில் நெற்றிக் கோடு, உதட்டோரத்து வெற்றிலைக் கறை, தோட்டுக் கனத்தில் தொங்கின காது, எல்லாம் இருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டையும் பார்த்தார்.

"இது நான்" என்றார் ஐபோனைக் காட்டி. மகன் முகம் மலர்வதற்குள் பழையதை எடுத்துக்கொண்டார். "இதைப் பெருசு பண்ணி வெச்சுக்கப்பா. பின்னால மாலை போட உதவும்."

அவர் ஒன்றும் பேசவில்லை. காரணம் கேட்கவில்லை, ஸ்டெப்ஸ் கேட்கவில்லை. கீரைக்காம்பு இரண்டைப் பொறுக்கித் தட்டில் போட்டார். அப்புறம் மெதுவாக, "பின்னாடி செவுத்து கலர் இதுலதாம்மா சரியா வந்திருக்கு" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். எங்கள் அண்ணன் மகள் கல்யாணம். குழந்தையிலிருந்து தோளில் தூக்கி வளர்த்த பெண். கெட்டிமேளம் என்றதும் கையில் அட்சதையோடு எழுந்து நின்றேன். எனக்கு நேர் முன்னால் இவர் எழுந்தார். இரண்டு கையும் மேலே. வலதில் ஒன்று, இடதில் ஒன்று. இந்தப் பக்கம் சாய்ந்தேன், ஐபோன். அந்தப் பக்கம் சாய்ந்தேன், ஆண்ட்ராய்டு. தாலி ஏறினதை நான் பார்க்கவில்லை. ஆறங்குலத் திரையில், ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்தேன். நான் வீசின அட்சதை அவர் பின்மண்டையில் விழுந்தது. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் இரண்டையும் நீட்டினார். மேடை விளக்கு ஒன்றில் மஞ்சளாகவும் ஒன்றில் வெள்ளையாகவும் விழுந்திருப்பதை விளக்கினார். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. எந்தப் போனில் எடுத்தாலும் கையைக் கீழே வைத்து எடுக்கலாம். மனிதருக்குப் பின்னால் மனிதர்கள் நிற்பார்கள் என்பது எந்தக் கம்பெனி போனுக்கும் பொதுவான விஷயம்.

ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை, படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

இன்று காலை அவர் மனைவியிடமிருந்து ஒரு செய்தி. "அண்ணா, இப்ப இவர் ரெண்டு படம் அனுப்புவார். ஐபோன்ல எடுத்ததுதான் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. இன்னிக்குத் தவணை கட்டுற நாள்."

படித்து முடிப்பதற்குள் இரண்டும் வந்தன. அவர்கள் பால்கனித் தொட்டியில் பூத்த அடுக்குச் செம்பருத்தி, இதழ்மேல் ஓர் எறும்பு. கீழே வழக்கமான கேள்விக்குறி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே சிவப்பு, அதே இலை, அதே தொட்டி விரிசல். ஒன்றில் எறும்பு கொஞ்சம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எது ஐபோனில் எடுத்தது என்று அந்தம்மா சொல்லவே இல்லை.