வற்றிய ஏரியின் வருங்கால விரால்: ஒரு முன்னாய்வு

1. ஆய்வுச் சுருக்கம்

தண்ணீர் உள்ள ஏரியில் மீன் பிடிப்பதைப் பற்றி உலகம் போதிய அளவு பேசிவிட்டது. தண்ணீரே இல்லாத ஏரியில், இன்னும் பிறக்காத மீனை, அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ பிடிப்பதற்கு இன்றே ஆவன செய்வது எப்படி என்பது இக்கட்டுரையின் பொருள். ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள தூண்டில்காரர்களில் ஒரு பிரிவினர், ஏரி வற்றிய செய்தி கேட்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படுகைக்குள் இறங்கி, பள்ளம், கட்டை, பாறை அனைத்தையும் குறித்துக்கொண்டு திரும்புகிறார்கள். இது ஆராய்ச்சியா, வெயில் தலைக்கேறியதன் விளைவா என்பதே நம் முன்னுள்ள வினா. ஆராய்ச்சியே என்பது நம் முடிவு. வெயிலுக்கும் ஓரளவு பங்குண்டு.

2. களமும் காலமும்

வடசென்னைக்காரருக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. விடியுமுன் காசிமேடு போனால் வஞ்சிரம் முதல் நெத்திலி வரை கூடையாகவே வாங்கலாம். ஆனால் தூண்டில் பிடித்த கை, மீன் எளிதில் கிடைக்கும் இடத்தை மதிப்பதில்லை. ஆகவே இவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, ரெட்டேரியைத் தாண்டி, புழலை நோக்கிப் போகிறார்கள்.

புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகியவற்றையும் சேர்த்தால் 11,257 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் நாளிதழ்கள் நாள் தவறாமல் அச்சிடும் இந்த எண்கள் 2019 ஜூனில் அர்த்தமிழந்தன. நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஊரே பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த அந்தக் கோடைதான் நம் ஆய்வுத் துறையின் பொற்காலம். குடத்தை வைத்துவிட்டு ஏரிக்குப் போன ஆய்வாளர்களுக்கு வீட்டில் கிடைத்த மதிப்புரைகள் அச்சிடத் தக்கவையல்ல.

3. கொள்கை விளக்கம்

இத்துறையின் மூல நூற்பா இது: மீன் இருக்குமிடம் தண்ணீரைப் பார்த்தால் தெரியாது, தரையைப் பார்த்தால்தான் தெரியும்.

விரால் இரையைத் துரத்திக்கொண்டு ஏரி முழுக்க அலைவதில்லை. புதரோரம், கட்டையோரம், கரைச்சரிவு என்று மறைவான ஓர் இடத்தில் நின்று, தவளையோ குஞ்சு மீனோ அருகே வந்ததும் பாயும். உவர்நீரில் இதே தொழிலைக் கொடுவா செய்கிறது. பாலத்தூண், மூழ்கிய மரம், சிப்பித் திட்டு ஆகியவை அதற்கு ஒளிவிடங்கள். அமெரிக்கர்கள் ஆராதிக்கும் பாஸ் மீனும் இக்குணம் உடையதே. அங்கே குளிர்காலத்தில் நீர்த்தேக்கங்களின் மட்டத்தைக் குறைக்கும்போது, படுகையில் நடந்து கட்டைகளைக் குறித்துக்கொள்வது தூண்டில்காரர்களின் வழக்கம். ஒளிந்து தாக்கும் மீன் எங்கும் ஒன்றே. அதைத் தேடி அலையும் மனிதனும் ஒன்றே.

விரால் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல். அது காற்றையும் சுவாசிக்கும். ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து நாள் கடத்தும். ஆகவே வருங்கால விராலைத் தேடிப் போன ஆய்வாளர், அந்த நேரத்தில் நிகழ்கால விராலின் தலைமேல் நின்றுகொண்டிருக்கவும் கூடும்.

4. முந்தைய ஆய்வுகள்

தமிழகத்தில் இப்பொருள் குறித்து இரு பள்ளிகள் உள்ளன. முதலாவது, புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரத்து மீன்பிடித் திருவிழாப் பள்ளி. கண்மாய் வற்றும் தறுவாயில் ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கி, இருப்பதைப் பிடித்து அன்றைக்கே குழம்பு வைத்துவிடும். தரவு முழுவதும் உண்ணப்பட்டுவிடுவதால் மேலாய்வுக்கு இடமில்லை.

இரண்டாவது மேட்டூர்ப் பள்ளி. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு மட்டம் 120 அடி. நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பக்தர் கும்பிடுகிறார், நிருபர் படமெடுக்கிறார். நம் துறையைச் சேர்ந்தவரோ, நந்தியின் வயிற்றுக்குக் கீழே எத்தனை கிலோ மீன் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்.

5. கண்டறிந்தவை

ஏரிப் படுகையில் பயனுள்ள இடங்கள் ஐந்து.

அ) மதகடிப் பள்ளம். கடைசித் தண்ணீர் பெரும்பாலும் இங்கேதான் ஒதுங்கும், கடைசி மீனும்.

ஆ) பழைய வரத்துக் கால்வாயின் தடம். ஏரி நிறைந்த பிறகும் தண்ணீருக்கடியில் மீன்களின் நெடுஞ்சாலை இதுவே.

இ) கருவேலங்கட்டைகள். நிழலும் ஒளிவிடமும் தருவன.

ஈ) லாரிகள் மண் அள்ளிய குழிகள். செங்குத்தான விளிம்பு உள்ளவை. விராலுக்கு உகந்தவை, குளிக்க இறங்கும் சிறுவர்களுக்கு எமன்.

உ) முற்கால ஆய்வின் எச்சங்கள். கட்டைகளில் தங்கூஸ் நரம்பும் துருவேறிய தூண்டில் முள்ளும் சிக்கிக் கிடக்கும். "அஞ்சு கிலோ இருக்கும்பா, அறுத்துக்கினு பூட்ச்சு" என்று தண்டையார்பேட்டை டீக்கடைகளில் ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்ட மீன் உண்மையில் ஒரு வேர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. இவ்வகைச் சான்றுகளை ஆய்வாளர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள், வெளியிடுவதில்லை.

இவை அனைத்தையும்விட முக்கியமான கண்டுபிடிப்பு மனிதரைப் பற்றியது. வற்றிய ஏரிக்குள் இறங்குவோர் பல வகையினர். கிரிக்கெட் ஆடும் பையன் அதை மைதானமாகப் பார்க்கிறான். மாடு மேய்ப்பவருக்கு அது புல்வெளி. புகைப்படக்காரருக்கு வெடித்த பாளம் வேண்டும். மண் லாரிக்காரருக்கு மண் வேண்டும். வெள்ளைச் சட்டை அணிந்து, காரை விட்டிறங்காமலே பார்ப்பவருக்கு அது மனைப்பிரிவு. இந்த ஏரி மறுபடி நிரம்பும் என்று உறுதியாக நம்பி, அந்த நம்பிக்கையின் பேரில் வேலையும் பார்ப்பவர் தூண்டில்காரர் ஒருவரே. "தண்ணியே இல்லாத ஏரில இன்னா சார் தேடுறீங்கோ?" என்று கேட்கும் ஆடு மேய்ப்பவருக்கு அவர் தரக்கூடிய நேர்மையான பதில், "தண்ணியதான்" என்பதே.

6. மறுப்புகளும் சமாதானங்களும்

மணலி மறுப்பு: ஏரியை நாம் ஏன் தேடிப் போகவேண்டும், அதுவே வருமே என்பது மணலிக்காரர்களின் வாதம். புழல் நிரம்பி உபரிநீர் திறந்தால் அது வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கடலை அடையும். அடைமழையில் தெருவில் துள்ளும் மீனைக் கொசுவலையில் அள்ளியவருக்குப் படுகை வரைபடம் வேண்டியதில்லை. வாதம் வலுவானது. ஆனால் அந்த மீனோடு வீட்டுக்குள் வரும் தண்ணீரை வெளியேற்ற எத்தனை நாள் ஆகும் என்பதை இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்ணூர் மறுப்பு: புழல் என்றோ ஒருநாள் வற்றும், எண்ணூர்க் கழிமுகத்திலோ நாளொன்றுக்கு இருமுறை நீர் வற்றி இருமுறை ஏறும். வற்றும்போது மணல்திட்டும் சிப்பியும் பாலத்தூணின் அடியும் தாமே வெளிப்படும். அங்கே தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு நோட்டும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். தரையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அவர்களுக்கு அத்துபடி. இத்துறையில் முனைவர் பட்டம் தருவதாயின் முதலில் அவர்களுக்கே தரவேண்டும்.

ஆனால் அந்தத் தரையே மாறிவிட்டது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலையாற்றின் அடியில் படிந்து, ஆழம் இருந்த இடங்கள் மேடாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கும் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. கொடுவா ஒளிய இடமில்லாத தரைக்கு எவ்வளவு துல்லியமான வரைபடம் இருந்தும் பயனில்லை. இந்த மறுப்புக்கு மட்டும் நம்மிடம் சமாதானம் இல்லை.

7. முடிவும் பரிந்துரையும்

வற்றிய ஏரியை ஆராய்வதால் பிற்காலத்தில் மீன் கூடுதலாகக் கிடைக்குமா என்றால், மீனின் ஒத்துழைப்பைப் பொறுத்தது. ஆனால் ஏரியின் அடித்தரையை அக்கறையோடு பார்க்கும் கூட்டம் ஒன்று ஊரில் இருப்பது ஊருக்கு நல்லது.

ஆகவே தூர்வாரும் பொறியாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். வண்டலை எடுங்கள், ஆனால் படுகை முழுவதையும் ஒரே மட்டமாக்கிவிடாதீர்கள். ஆங்காங்கே சில மடுக்களை விட்டுவையுங்கள். அடுத்த கோடையில் மீனினம் பிழைத்துக் கிடக்க அவைதாம் இடம்.

வாசகர்களுக்கு: ஏரி வற்றினால் போய்ப் பாருங்கள். அது குடிநீர் ஏரியானால் முதலில் அனுமதி கேளுங்கள். மாடு நடந்த தடத்திலேயே நடங்கள். எந்தச் சேறு தாங்கும் என்பது அதற்குத் தெரியும். பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை இன்னொரு தூண்டில்காரரிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.